கிரேஸ் மார்க்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ‘ப.பாண்டி’

2017 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில் வந்த ‘ப.பாண்டி’ தனுஷ் இயக்கிய முதல் படம். அன்றைக்கு வந்த விமர்சனங்களை இப்போது எடுத்துப் படித்தால் பெரும்பாலானவை ஒரே தடத்தில் போகின்றன. ராஜ்கிரண் அசத்தியிருக்கிறார், ரேவதி வந்ததும் படம் நிமிர்ந்து உட்காருகிறது, தனுஷ் தன்னை முன்னால் தள்ளிக்கொள்ளவில்லை, மனசுக்கு இதமான குடும்பப் படம், கதை எங்கே போகும் என்பது மட்டும் முன்னாடியே தெரிந்துவிடுகிறது. முடிவில் பெரும்பாலும் ஒரு வரி: முதல் படம் என்ற வகையில் பாஸ்.

உறுத்துவது அந்தக் கடைசி வரிதான். ‘முதல் படம் என்ற வகையில்’ என்பது பரீட்சைப் பேப்பரில் போடும் கிரேஸ் மார்க். அதைப் போட்டவுடன் இரண்டு விஷயங்கள் மறைந்துபோகின்றன. இயக்குநர் உண்மையிலேயே எதில் கெட்டிக்காரத்தனம் காட்டினார் என்று யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. எங்கே கோட்டைவிட்டார் என்று அழுத்திச் சொல்வதும் இல்லை. ‘ப.பாண்டி’க்குக் கிடைத்த பாராட்டு சரியான படத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. சொன்ன காரணங்கள்தான் அரைகுறை.

இதைச் சோதித்துப் பார்க்கப் பெங்களூருத் தமிழர்களிடம் சென்னைக்காரர்களிடம் இல்லாத ஒரு வசதி உண்டு. மறுவருஷமே, 2018 செப்டம்பர் 27 அன்று, இதே கதை கன்னடத்தில் ‘அம்பி நிங்க் வயஸ்ஸாய்தோ’ (அம்பி, உனக்கு வயசாயிடுச்சு) என்று வந்தது. நடித்தவர்கள் அம்பரீஷ், சுஹாசினி, சுதீப். இயக்கியவர் குருதத்த காணிகா. அவருக்கும் அதுதான் முதல் படம். ஒரே கதை, இரண்டு முதல் பட இயக்குநர்கள், அதில் ஒருவர் மட்டும் நடிகர். இயக்கத்தின் பங்கு எது, கதையின் பங்கு எது என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. இரண்டு மொழியும் காதில் விழும் ஊரில் இருப்பவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பவர் பாண்டி ஓய்வுபெற்ற ஸ்டண்ட் மாஸ்டர். மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். தெருவில் ஒரு தப்பு நடந்தால் சும்மா இருக்க முடியாமல் கை வைக்கிறார். பிரச்சினை போலீஸ் ஸ்டேஷன் வரை போகிறது. மகனுக்கும் அவருக்கும் உரசல். ஒரு கட்டத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறார். இளவயதில் விட்டுப்போன காதலியைத் தேடிப் போகிறார். இளவயதுப் பாண்டியாகத் தனுஷ், இளவயதுப் பூந்தென்றலாக மடோனா செபாஸ்டியன், இப்போதைய பூந்தென்றலாக ரேவதி. மகன் பிரசன்னா. மருமகள் நம்ம பெங்களூரு சாயா சிங், ‘திருடா திருடி’யில் தனுஷுக்கு ஜோடியாக ஆடியவர்.

இந்த இயக்குநரின் முதல் நல்ல முடிவு படப்பிடிப்புக்கு முன்பே எடுக்கப்பட்டது: யாரைப் போடுவது என்பது. ராஜ்கிரண் நாயகனாக எழுந்து நின்ற படம் 1991-இல் வந்த ‘என் ராசாவின் மனசிலே’. அதை இயக்கியவர் கஸ்தூரி ராஜா, தனுஷின் அப்பா. அவருக்கு அது இயக்குநராக முதல் படம். அப்பாவும் மகனும் இருபத்தாறு வருஷ இடைவெளியில் தங்கள் முதல் படத்தை ஒரே மனிதரை நம்பி எடுத்திருக்கிறார்கள். இது வெறும் குடும்பப் பாசம் அல்ல, அதில் கணக்கு இருக்கிறது. ராஜ்கிரண் திரையில் வந்தாலே பார்ப்பவருக்கு ஒரு முரட்டு நாட்டுப்புறத்து ஆளும், அவருடைய அடியின் கனமும், நல்லி எலும்பைக் கடிக்கும் பசியும் ஞாபகம் வந்துவிடும். அந்த நினைவை முதலீடாக வைத்துக்கொண்டால், ‘ஒரு காலத்தில் பெரிய பலசாலி’ என்று வசனத்தில் சொல்லவே வேண்டாம். அதே உடம்பைப் பேரப்பிள்ளையோடு விளையாடவும் மகன் முன்னால் தயங்கி நிற்கவும் வைத்தால் போதும், காட்சி தானாக வேலை செய்யும். ஸ்டண்ட் மாஸ்டர் என்ற தொழிலும் அதற்காகத்தான். ஆயிரம் அடி வாங்கியும் முகம் திரையில் தெரியாதவர் என்பது, வீட்டில் இருந்தும் கணக்கில் இல்லாத அப்பாவுக்கு அச்சாகப் பொருந்துகிறது.

‘தவமாய் தவமிருந்து’ படத்திலேயே ராஜ்கிரணின் அப்பா வேடத்தைப் பார்த்தவர்கள் ‘இதில் என்ன புதுசு’ என்று கேட்கலாம். புதுசு இருக்கிறது. அங்கே அவர் பிள்ளைகளுக்காகவே வாழ்கிற அப்பா. இங்கே முதல்முறையாக அவருக்கு என்று ஒரு ஆசை கொடுக்கப்பட்டிருக்கிறது, அதுவும் பிள்ளைகளுக்குச் சம்பந்தமே இல்லாத ஆசை. தமிழ் சினிமாவில் வயதான ஆண் காதலித்தால் ஒன்று காமெடி, இல்லையென்றால் கண்ணீர். இந்தப் படம் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் போகிறது. ராஜ்கிரணும் ரேவதியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் இடங்கள் படத்திலேயே உச்சம்: தயக்கமும் கிண்டலும் கலந்து வருகிறது, யாரும் குரலை உயர்த்துவதில்லை, பழைய கதையை விளக்கி விளக்கிச் சொல்வதும் இல்லை. ரேவதியிடம் ‘கண்கலங்கு’ என்று கேட்டிருந்தால் ஒரு நொடியில் செய்திருப்பார். கேட்காமல் விட்டதுதான் இயக்கம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ராஜ்கிரணும் நடிகராக இருந்து இயக்குநர் ஆனவர். 1993-இல் ‘அரண்மனைக் கிளி’யை அவரே இயக்கினார். ரேவதியும் அப்படித்தான். அவர் முதலில் இயக்கிய ‘மித்ர், மை ஃபிரெண்ட்’ 2002-இல் வந்தது. சிறந்த ஆங்கிலப் படம், ஷோபனாவுக்குச் சிறந்த நடிகை, பீனா பாலுக்குச் சிறந்த எடிட்டிங் என்று தேசிய விருதுகள் வாங்கியது. ஆக, முதல் படம் எடுக்கும் ஒருவர் தன் எதிரே நிறுத்திக்கொண்டது, அந்த நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்து பார்த்த இரண்டு பேரை. ‘நடிகர் என்பதால் நடிகர்களிடம் நன்றாக வேலை வாங்கியிருக்கிறார்’ என்று எழுதியவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவில்லை. வேலை வாங்கியதைவிட, வேலை தெரிந்தவர்களைக் கூப்பிட்டு வழிவிட்டதுதான் நடந்திருக்கிறது. பின்னால் வந்த படங்களிலும் இதே பழக்கம். ‘ராயன்’ படத்தில் செல்வராகவன், எஸ்.ஜே.சூர்யா, பிரகாஷ் ராஜ். ‘இட்லி கடை’யில் மறுபடி ராஜ்கிரண், கூடவே சமுத்திரக்கனி, பார்த்திபன், சத்யராஜ். அத்தனை பேரும் படம் இயக்கியவர்கள்.

நடிகர் முதன்முதலில் இயக்கும்போது பொதுவாக எங்கே சறுக்கும் என்று பார்த்தால் இந்தப் படத்தின் நிதானம் இன்னும் நன்றாகப் புரியும். முதல் ஆபத்து, நடித்துக் காட்டுவது. நம் ஊர் செட்டில் இயக்குநர் நடித்துக் காட்டுவது வழக்கம்தான். ஆனால் அவருக்கே ஒரு பிரபலமான பாணி இருந்துவிட்டால், எதிரே நிற்பவர் கதாபாத்திரத்தை விட்டுவிட்டு அவரைப் பின்பற்ற ஆரம்பித்துவிடுவார். கடைசியில் படத்தில் எல்லோரும் ஒரே ஆளின் மூச்சில் பேசுவார்கள். ‘ப.பாண்டி’யில் பெரியவர்கள் இதிலிருந்து தப்பித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு இளைஞன் பேசும் சில இடங்களில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், தனுஷ் பேசுவது போலவே இருக்கும்.

அடுத்தது மானிட்டர் பிரச்சினை. தானே ஃப்ரேமுக்குள் நிற்கும்போது ஓகே சொல்வது யார்? ஒவ்வொரு டேக்குக்கும் ஓடிவந்து பிளேபேக் பார்த்தால் நேரம் போகும், எதிரே நடிப்பவரின் சூடு ஆறிவிடும். பார்க்காமல் ஒளிப்பதிவாளரையோ அசோசியேட்டையோ நம்பினால் காட்சிக்குக் காட்சி அளவு மாறும். இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்கிற படங்களில் நாயகன் வரும் காட்சிகள் மட்டும் ஒரு மாற்றுக் குறைவாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். இங்கே தனுஷ் தன் பங்கைப் ஃபிளாஷ்பேக் என்ற ஒரே பெட்டிக்குள் அடைத்துவிட்டார். படத்தின் மீதிப் பகுதியில் அவர் வேலை கேமராவுக்குப் பின்னால் மட்டும். ஒளிப்பதிவுக்கு வேல்ராஜ், ‘பொல்லாதவன்’ காலத்திலிருந்து தனுஷை அளந்து பார்த்தவர், ‘வேலையில்லா பட்டதாரி’யை இயக்கியவரும் அவரே. ‘தன்னடக்கம்’ என்று விமர்சனங்கள் பாராட்டியதில் பாதி, வேலைத் திட்டம்.

கவரேஜ், அதாவது ஒரே காட்சியைப் பல கோணங்களில் எடுத்து வைப்பது, இன்னொன்று. முதல் படக்காரர்கள் எடிட்டிங்கில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று மாஸ்டர் (முழுக் காட்சியும் தெரியும் ஷாட்) எடுத்து, சஜஷன் (ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவரைக் காட்டும் ஷாட்) எடுத்து, எல்லோருக்கும் க்ளோஸ் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பிறகு கையில் இருக்கிறதே என்று எல்லா க்ளோஸையும் போட்டுவிடுவார்கள். படம் சீரியல் மாதிரி ஆகிவிடும். ராஜ்கிரண் முகத்தைவிடத் தோளாலும் நடையாலும் அதிகம் பேசுகிற நடிகர். அவரை இடுப்பளவுக்கு மேலும், முழு உடம்புமாகவும் விட்டுவைத்த காட்சிகளில் படம் கனமாகிறது. உணர்ச்சி உச்சத்துக்குப் போகும்போது மட்டும் பயம் வந்து க்ளோஸுக்குப் போய்விடுகிறார்கள், மேலே இசையையும் ஏற்றிவிடுகிறார்கள். ஷான் ரோல்டனின் பாட்டுகள் நன்றாகவே நிற்கின்றன. பின்னணி இசைக்குத்தான் சில இடங்களில் ‘போதும் சார்’ என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

இனி கிரேஸ் மார்க் மூடிவைத்த குறைகள்.

பெரிய குறை மகன். பிரசன்னா கொடுத்ததைச் சுத்தமாகச் செய்திருக்கிறார், கொடுத்ததுதான் குறைவு. அந்தக் கதாபாத்திரம் அப்பா செய்ததற்கு எதிர்வினை காட்டுவதற்காகவே எழுதப்பட்டிருக்கிறது. அப்பா அடித்துவிட்டு வந்தால் கோபம், குடித்துவிட்டு வந்தால் கத்தல், வீட்டைவிட்டுப் போனால் குற்ற உணர்ச்சி. அவன் பக்கத்து நியாயம் இன்னது என்று நம்மை உட்காரவைத்துச் சொல்ல ஒரு காட்சிகூடப் போதிய அளவுக்கு இல்லை. அதனால் கடைசியில் அவன் திருந்துவது அவனுக்குள் நடந்த மாற்றமாகத் தெரியவில்லை, திரைக்கதைக்குத் தேவைப்பட்டதால் திருந்துகிறான். ‘கொஞ்சம் மெலோடிராமா’ என்று இதை ஒரு வார்த்தையில் கடந்தவர்கள் அதிகம். காரணம் மெலோடிராமா இல்லை. ஒரு ஆளின் எடைக்குப் பாதி எடையில் எதிராளியை எழுதிவிட்டு இருவரையும் தராசில் நிறுத்தியதுதான் கோளாறு.

பெங்களூருவில் இந்தப் படத்தைப் பார்த்த தமிழ்க் குடும்பங்களில் விவாதம் சூடானது இங்கேதான். வைட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் எத்தனை வீடுகளில் சேலத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ கூட்டிவந்த அப்பாக்கள் பத்தாவது மாடிப் பால்கனியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே இறங்கினால் செக்யூரிட்டியோடு பேச இந்தி வேண்டும், காய்கறிக்காரரோடு பேசக் கன்னடம் வேண்டும். பாண்டிக்காவது சண்டை போடத் தன் மொழியில் ஒரு தெரு இருந்தது! அதே நேரம், அப்பா யாரையாவது கைநீட்டி அடித்துவிட்டு வந்தால் வெளியூரில் வாடகைக்கு இருக்கும் மகனுக்கு வயிறு எப்படிக் கலங்கும் என்பதும் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட பார்வையாளருக்கு இந்த மகன் வில்லன் இல்லை. படம் அவனைக் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டது என்றுதான் தோன்றும். மகன் தனியாக, அப்பா பக்கத்தில் இல்லாத நேரத்தில், தன் பயத்தை மனைவியிடம் சொல்கிற நல்ல காட்சி ஒன்று அழுத்தமாக இருந்திருந்தால் போதும். சாயா சிங்குக்கும் ஏதாவது செய்யக் கிடைத்திருக்கும்.

தேடல் பகுதியும் சுளுவாக முடிந்துவிடுகிறது. வழியில் சந்திக்கும் சக வயதுக்காரர்களிடம் பாண்டி தன் கதையைச் சொல்கிறார், ஃபேஸ்புக்கில் தேடுகிறார்கள், ஆள் ஹைதராபாத்தில் கிடைத்துவிடுகிறார். வாழ்நாள் முழுக்கப் பார்க்காத ஒருவரைத் தேடிப் போகிறவர் வழியில் ஒருமுறையாவது ‘எதற்கு இந்த வேலை’ என்று பைக்கைத் திருப்பப் பார்த்திருக்க வேண்டாமா? தடை இல்லாததால் பயணம் என்பது நல்ல வெளிச்சத்தில் எடுத்த ரோடாக மட்டும் நின்றுவிட்டது.

ஃபிளாஷ்பேக் பார்க்க அழகு, ஆனால் கேள்விப்பட்ட அழகு. கிராமம், வெளியூரிலிருந்து வந்த பெண், குறும்புக்காரப் பையன், பிரிவு. இதில் ஒரே லாபம், தனுஷ் ராஜ்கிரணைப் போல நடிக்க முயலவே இல்லை. கழுத்தைத் திருப்புவது, குரலைத் தடிக்க வைப்பது போன்ற மிமிக்ரி வேலை எதுவும் கிடையாது. இருவருக்கும் உருவத்தில் எந்த ஒற்றுமையும் இல்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. ஒரு மனிதர் தன் இளமையை ஞாபகப்படுத்திக்கொள்ளும்போது தன்னைவிட லேசான ஒரு ஆளைத்தானே பார்ப்பார்.

இப்போது கன்னடப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கதையில் எலும்பு அதேதான். ஆனால் ராஜ்கிரண் இடத்தில் அம்பரீஷ் வந்ததும் படத்தின் ஈர்ப்பு மையமே மாறிவிடுகிறது. 1972-இல் ‘நாகரஹாவு’ படத்தில் அறிமுகமாகி ‘ரெபல் ஸ்டார்’ ஆகி, எம்.பி., அமைச்சர் எல்லாம் ஆன ஒருவரை, வீட்டில் மதிப்பில்லாத அப்பா என்று கர்நாடகத்தில் யார் நம்புவார்கள்? படமும் அதை நம்பவைக்க மெனக்கெடவில்லை. அம்பரீஷ் என்ற ஆளுமையைக் கொண்டாடும் விழாவாகவே அதை நடத்துகிறது. உடம்பு ஒத்துழைக்காத நாட்களில் அவர் நடித்த படம் என்பது நடையிலேயே தெரியும். அதே நேரம் அந்தக் குரலும் அலட்சியமும் போகவில்லை. படம் வந்து இரண்டு மாதம் ஆவதற்குள், நவம்பர் 24 அன்று, அவர் காலமானார். நாயகனாக அவர் நடித்த கடைசிப் படம் இதுதான். அந்த துக்கம் சேர்ந்ததால் இந்த ஊரில் இன்றைக்கும் அதை யாரும் சினிமாவாக மட்டும் பார்ப்பதில்லை, அது நியாயமும்கூட.

சினிமாவாகப் பார்த்தால் வித்தியாசம் இரண்டு இடங்களில் பளிச்சென்று தெரிகிறது. ஒன்று, தமிழில் பாண்டிக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதால் அவர் கிளம்பும்போது நமக்குத் திக்கென்று இருக்கும். கன்னடத்தில் அம்பி கிளம்பினால் ஊரே வழியனுப்ப வரும் போலிருக்கிறது. மற்றொன்று ஃபிளாஷ்பேக். இளவயது அம்பியாக வரும் சுதீப் அப்போது நாற்பதைத் தாண்டியவர், பெரிய ஸ்டார். அவர் வந்தால் அவருக்குரிய மரியாதையோடு கேமரா வரவேற்க வேண்டியிருக்கிறது. அதனால் நினைவாக இருக்க வேண்டிய பகுதி இன்னொரு நாயகன் அறிமுகமாக ஆகிவிடுகிறது. தனுஷும் ஸ்டார்தான். ஆனால் அவரே இயக்குநர் என்பதால் தன்னைக் குறைத்துக்கொள்ள அவருக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை. நடிகர் இயக்குநர் ஆவதில் இருக்கும் பெரிய சௌகரியம் இதுதான். விமர்சனங்களில் இந்தக் கோணம் அதிகம் வரவே இல்லை.

சுஹாசினி விஷயத்தில் கன்னடப் படம் சளைத்ததில்லை. ரேவதியிடம் இருக்கும் குறும்பு இவரிடம் குறைவு, நிதானம் அதிகம். பெங்களூருவில் வளர்ந்த ஷ்ருதி ஹரிஹரன் இளவயதுப் பாத்திரத்தில் மடோனாவைவிட ஒரு படி மேலே என்று சொல்வேன். வேடிக்கை என்னவென்றால் இங்கேயும் இயக்குநர்கள்தான்: சுஹாசினி 1995-இல் ‘இந்திரா’வை இயக்கியவர். சுதீப் முதலில் இயக்கியதோ 2006-இல் வந்த ‘மை ஆட்டோகிராஃப்’, அதாவது சேரனின் ‘ஆட்டோகிராஃப்’ படத்தின் கன்னட வடிவம். பழைய காதலைத் தேடிப் போகும் தமிழ்க் கதைகளுக்குக் கன்னடத்தில் சுதீப் வீட்டு வாசல் எப்போதும் திறந்திருக்கிறது போலும்.

‘ப.பாண்டி’ வந்த நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெங்களூருவில் பலர் இதைத் தியேட்டரில் தவறவிட்டார்கள். சரியாக இரண்டே வாரத்தில், ஏப்ரல் 28 அன்று, ‘பாகுபலி 2’ வந்தது. அதற்கு முந்தைய நாட்களில் சத்யராஜின் பழைய காவிரிப் பேச்சை வைத்து அந்தப் படத்தைக் கர்நாடகத்தில் விடமாட்டோம் என்று கன்னட அமைப்புகள் பந்த் அறிவித்திருந்தன. ஏப்ரல் 21 அன்று அவர் வருத்தம் தெரிவித்த பிறகுதான் தணிந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே தாத்தா ஒருவர் பைக்கில் போகும் படம் வாய்மொழியில் பரவ நாள் போதவில்லை.

தலைப்பு விவகாரமும் இங்கே வேறு மாதிரி. ‘பவர் பாண்டி’ என்று அறிவித்ததை ‘ப.பாண்டி’ என்று சுருக்கியது தமிழ்நாட்டில் கேளிக்கை வரிவிலக்குக்காக. தமிழ்த் தலைப்பும் ‘யு’ சான்றிதழும் அப்போது அதற்கு அவசியம். அந்தச் சலுகை தமிழ்நாட்டோடு சரி. கர்நாடகத்தில் அப்போது வரிவிலக்கு கன்னடம் போன்ற அந்த மாநில மொழிப் படங்களுக்குத்தான், தமிழ்ப் படங்களுக்கு வரி இருந்தது. அந்த ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து கணக்கே மாறியது வேறு கதை. பெங்களூருப் பார்வையாளருக்கு இந்தப் பெயர்ச் சுருக்கத்தால் கிடைத்தது குழப்பம் மட்டும். ஓ.டி.டி.யிலோ யூடியூபிலோ தேடும்போது ‘பவர் பாண்டி’, ‘ப.பாண்டி’ இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

முதல்முறை இயக்கும் எல்லா நடிகர்களுக்கும் விமர்சகர்கள் இதே சலுகை தருகிறார்களா என்றால், இல்லை. மாதவனின் ‘ராக்கெட்ரி’க்கு 2022-இல் முதல் பாதியின் விஞ்ஞானப் பேச்சு தலைக்குமேல் போகிறது என்று தயங்காமல் எழுதினார்கள், அதற்கே அடுத்த வருஷம் சிறந்த படத்துக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. மோகன்லாலின் ‘பரோஸ்’ படத்துக்கு நாற்பது வருஷ அனுபவமும் சந்தோஷ் சிவன் கேமராவும் இருந்தும் தயவு கிடைக்கவில்லை. மென்மையான, சின்ன அளவுப் படமாக இருந்தால் மன்னிக்கிறார்கள். பெரிதாகக் கைநீட்டினால் விரலை எண்ணுகிறார்கள். தனுஷுக்கே இது நடந்தது. 2024-இல் ‘ராயன்’ ரத்தமும் ‘ஏ’ சான்றிதழுமாக வந்தபோது திரைக்கதை ஓட்டைகளை ஒன்றுவிடாமல் எடுத்துப் போட்டார்கள். அதே ஓட்டைகள், அதாவது ஒருபக்கமாக எழுதப்பட்ட எதிராளி, வசதிக்காகத் திரும்பும் மனசு, எல்லாம் ‘ப.பாண்டி’யிலேயே இருந்தவை. அப்போதே யாராவது உரக்கச் சொல்லியிருந்தால் உபயோகமாக இருந்திருக்கும். 2025 அக்டோபரில் ‘இட்லி கடை’யில் மறுபடியும் ராஜ்கிரண் அப்பாவாக வருகிறார். அங்கே மகன் தனுஷே என்பதால் மகனுக்கு இந்தமுறை நியாயம் இருக்கிறது.

பார்க்கப் போகிறவர்களுக்கு: மொபைலில் வேண்டாம். மேலே சொன்ன தோளும் நடையும் சின்னத் திரையில் காணாமல் போய், அழுகைக் க்ளோஸ்கள் மட்டும் மிஞ்சும். படம் இருப்பதைவிட மலிவாகத் தெரியும். தமிழ் முதலில், கன்னடம் பிறகு. வரிசையை மாற்றினால் அம்பரீஷின் கனம் மனதில் தங்கி, ராஜ்கிரண் காட்டும் கூச்சம் எடுபடாது. தமிழ் சரளமாக வராத பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஃபிளாஷ்பேக்கின் கிராமத்துப் பேச்சுக்கு மட்டும் சப்டைட்டில் வேண்டியிருக்கும், மீதி தானே புரியும். ‘யு’ படம்தான், இருந்தாலும் குடிக்கிற காட்சிகள் உண்டு.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவோடு பார்ப்பதாக இருந்தால் ஒரே ஒரு எச்சரிக்கை. அப்பா வீட்டைவிட்டுக் கிளம்பும் கட்டம் வந்ததும் எழுந்து போன் பேசப் போய்விடாதீர்கள். திரும்பி வந்தால் அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.